புத்துக்கு எதிராக ஒரு நடை

ஊருக்கெல்லாம் தாயாக இருந்து, உறங்கும்போதும் நம்மைக் காக்கும் முத்துமாரியை முதலில் மனதுக்குள் வணங்கிக்கொள்கிறேன்.

இந்த மேடையின் நடுவே அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் எங்கள் தலைவர் திரு. ஜெயகாந்தன் அவர்களே! வயதினால் முன்வரிசையையும் வாஞ்சையினால் எங்கள் மனங்களையும் பிடித்துக்கொண்ட பெரியவர்களே! கூடையை இறக்கிவைத்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் ஓப்பநாயக்க பஜார் முதலாளிமார்களே! எங்கள் தமிழைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் சிங்களச் சகோதரர்களே! இன்று பாராட்டுப் பெற வந்திருக்கும் விடிவெள்ளி இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

பிள்ளைகளைப் பாராட்டத்தான் என்னை அழைத்தார்கள். பாராட்டுவேன். ஆனால் அவர்கள் செய்த நன்மையை அப்புறம் பாராட்டுகிறேன். அவர்கள் செய்த பிழையை முதலில் பாராட்டுகிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? கேளுங்கள்.

நாலு மாதத்துக்கு முன், பௌர்ணமிக்கு முந்திய இரவில், புற்றுநோயாளிகளின் உதவிக்காக, பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வரை ஒரு நடை நடந்ததை அறிவீர்கள். ஏன் இரவில்? பகலில் நடந்தால் தோட்டத்தில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் கொழுந்து நிறுத்து முடித்த பிறகு, கால் கடுத்த பிறகு, கண் சொக்கும் வேளையில் நடந்தார்கள் நம் மக்கள். நடந்தவர்களுக்கு வெளிச்சம் காட்டியவர்கள் யார்? தண்ணீர் சுமந்தவர்கள் யார்? லொறி வரும்போது கயிறு பிடித்து ஓரம் கட்டியவர்கள் யார்? இந்தப் பிள்ளைகள். இஞ்சி போட்டுக் கொத்தமல்லி காய்ச்சிக் கொடுத்தவர் நம் றஊப் நானா. அதோ, தலையைக் குனிந்துகொள்கிறார். நானா, குனியாதீர்கள், அந்தக் கொத்தமல்லியில் சீனி கொஞ்சம் குறைவுதான், ஆனால் அன்பு நிறைவு.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

நடைக்கு முன்னால் பிடித்துச் செல்ல ஒரு பதாகை எழுதினார்கள். நம் ஊரில் அந்த நோய்க்கு என்ன பெயர்? பெரியாஸ்பத்திரியில் சிங்களத்தில் சொல்கிற மாதிரி "பிலிக்கா" என்போம். அதையும் உரக்கச் சொல்லமாட்டோம். மன்றத்துத் தம்பி அஜந்தனுக்குத் தமிழ்ப் பற்று. நல்ல தமிழில்தான் எழுதுவேன் என்று தொடங்கினார். "புற்று" என்று கொட்டை எழுத்தில் எழுதியதும் முதல் வரி முக்கால்வாசி முடிந்துவிட்டது. என்ன செய்தார்? நோயை விட்டுவிட்டார். "புற்றுக்கு எதிராக ஓர் இரவு நடை" என்று எழுதிக் காயவைத்துவிட்டார். நோய் விட்டால் நல்லதுதானே என்று நினைத்தாரோ என்னவோ!

அதோடு நின்றதா? அதையே காலையில் பிரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்களிடம் வாசித்தும் காட்டினார்கள். புற்று என்றால் நமக்கு எது? ரோட்டு வளைவில், நாகதாளிக்குப் பக்கத்தில், மஞ்சள் பூசி, பாவாடை சாத்தி, வெள்ளிதோறும் பால் ஊற்றுகிறோமே, அந்த அம்மன் புற்று! அதற்கு எதிராக இரவில் ஒரு கூட்டம் வருகிறது என்றால், எந்தத் தாய்தான் வீட்டில் உறங்குவாள்?

நான் அன்று தேநீர் வாளியோடு நடையின் முன்வரிசையில் இருந்தேன். வளைவில் திரும்பினால், ரோட்டை மறித்துப் பெண்கள் நிற்கிறார்கள். ஒரு கையில் பால் செம்பு, மறு கையில் விளக்குமாறு. அவர்களுக்கு நடுவில் நின்றவர் வெள்ளையம்மா. அவருடைய பெயரை அவருடைய அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன். "பேரச் சொல்லிப் பேசுங்க, ஒளிச்சு ஒளிச்சு வச்சதெல்லாம் போதும்" என்றார்.

அன்றைக்கு அவர் கேட்டது வேறு.

"யாருப்பா எங்க புத்துக்கு எதிரா வர்றது?"

அஜந்தன் முன்னால் போய், "நாங்க இடிக்க வரலம்மா, நடந்துதான் வர்றோம்" என்றார்.

"இடிக்க வர்றவன் நடந்துதான் வருவான். பறந்தா வருவான்?"

பின்னால் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெள்ளையம்மா சிரிக்கவில்லை. விளக்குமாறு இறங்கவில்லை. அப்போது மன்றத்துப் பிள்ளை சர்மிளா முன்னே வந்தாள். இது மண்ணில் வளரும் புற்று இல்லை, உடம்பில் வளரும் புற்று என்று பக்குவமாகச் சொன்னாள். மார்பில் ஒரு மொச்சைக்கொட்டை அளவில் வரும், கையில் தட்டுப்படும், வளர்வதே தெரியாமல் வளரும் என்றாள். பெண்கள் ஒவ்வொருவராக விலகி வழிவிட்டார்கள். வெள்ளையம்மா மட்டும் நகரவில்லை.

"வலிக்காதா பிள்ள?" என்று கேட்டார்.

"முதல்ல வலிக்காதும்மா. அதுதான் மோசம்."

அவர் பால் செம்பைக் கீழே வைத்தார். சர்மிளாவின் கையைப் பிடித்துச் சேலைத் தலைப்புக்குள் கொண்டுபோனார். அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

தாய்மார்களே! வெள்ளையம்மா அந்தப் புற்றைக் காக்க ஏன் அப்படி நின்றார் தெரியுமா? ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் புற்று மண்ணை எடுத்துத் தன் கட்டியின்மேல் பூசி வந்திருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே மருந்து அது. அந்த மருந்தைத்தான் நாம் இடிக்க வருகிறோம் என்று நினைத்தார். கணவர் அழகமுத்துவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏன் மறைத்தாய் என்று அவர் பிறகு கேட்டபோது, "சொன்னா நீ என்ன செய்வ, ஒக்காந்து அழுவ" என்றாராம்.

பக்கத்து ஊரில் நடைக்காகப் போட்ட மருத்துவக் கூடாரம் இருக்கிறது, வாங்க என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். வெள்ளையம்மா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஆத்தா மண்ணையும் பூசிக்கிட்டு ஆசுபத்திரிக்கும் போனா, ஆத்தாள நம்பலன்னு ஆகிடாதா?"

யார் பதில் சொல்வது? சர்மிளாதான் சொன்னாள்.

"பதாகையில நோய்ங்கிற எழுத்த விட்டது நாங்க. அந்தப் பிழைய வச்சே உங்கள இந்த வளைவுல எங்க முன்னால கொண்டாந்து நிறுத்துனது யாரும்மா?"

வெள்ளையம்மா புற்றின் பக்கம் திரும்பினார். பிறகு செம்பை எடுத்துப் பாலை ஊற்றினார், கும்பிட்டார், வெறுஞ் செம்போடு எங்களுடன் நடந்தார். கூடாரத்தில் இருந்தவர் சிங்களத் தாதி. சிங்களத்தில் எடுத்துச் சொல்லச் சர்மிளா வாயைத் திறந்தபோது, "நீ இரு, என் ஒடம்பு, நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, "மிஸ்ஸி, மெத்தன கெட்டயக் தியனவா" என்றார். இங்கே ஒரு கட்டி இருக்கிறது என்று சிங்களத்திலேயே சொன்னார். அவ்வளவுதான். அத்தனை நாள் பூட்டிவைத்த கதவு அந்த ஒரு வாக்கியத்தில் திறந்தது.

அம்மனைக் கும்பிடுவது தவறா? இல்லவே இல்லை. ஆனால் அம்மன் கையில் சூலம் மட்டுமா இருக்கிறது? அந்தத் தாதியின் கையிலும் அவள்தான் இருக்கிறாள். கோயிலுக்குப் போகும் கால் வைத்தியரிடம் போனால் கோபிப்பவள் தாயாக இருப்பாளா? பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதைத் தவிரத் தாய்க்கு வேறு வேண்டுதல் உண்டா?

பின்னால் ஓர் அக்கா கேட்கிறார்: வெள்ளையம்மாவுக்குச் சுகமாகிவிட்டதா? சுகமாகிவிட்டது என்று சொல்லி உங்களிடம் கைதட்டு வாங்க எனக்கும் ஆசைதான். ஆனால் கைக்கு வராததை நான் வரவில் எழுதுவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. கொழும்புப் பக்கத்தில் சிகிச்சையில் இருக்கிறார். முடி கொட்டுகிறது, சோறு இறங்கவில்லை. இன்னும் முன்னமே வந்திருக்கலாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். முயற்சி செய்கிறோம் என்றும் சொன்னார்கள். நேற்றுப் பார்க்கப்போன சர்மிளாவிடம் அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: "நான் மண்ணு பூசிக்கிட்டு இருந்த நாளு எனக்குத் திரும்ப வராது. அங்க இருக்கவங்களுக்கு இன்னும் நாளு இருக்கு. சும்மா ஒக்காந்திருக்க வேணாம்னு சொல்லு."

ஆகவே தாய்மார்களே, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம்! அதே தாதி இப்போது இந்த மண்டபத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் இருக்கிறார். பரிசோதனைக்குத் திரை கட்டியிருக்கிறது. பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள மன்றத்துத் தங்கைகள் நிற்கிறார்கள். வெட்கமா? வெட்கம் நம்மை வளர்த்ததா, காத்ததா? வலிக்கவில்லை என்கிறீர்களா? வலிக்காததுதானே மோசம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன்! ஐயாமார்களே, மனைவி திரும்பிப் பார்த்தால் "போ" என்று சொல்லுங்கள். அந்த ஓரெழுத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை.

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வரை நடந்தது பிள்ளைகளின் நடை. இந்த நாற்காலியிலிருந்து அந்தக் கதவுவரை நடப்பது நம்முடைய நடை. உறக்கத்தை விட்டு உழைத்த பிள்ளைகளுக்கும், ஒரு பிழையின் வழியாக ஓர் உயிரின் கையைப் பிடித்த அம்மனுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கும், உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம் சொல்லி மேடையை விட்டு இறங்குகிறேன். நானும் ஒரு பெண்தானே, இறங்கி நேரே அந்த அறைக்குத்தான் போகிறேன். வாங்க, சேர்ந்து போவோம்.