குரங்கு மலை, குருவிக் கரை

அக்கா: மெதுவா பேசுடா. கதவு திறந்திருக்கு, உள்ள வனத்துறைக் கமிட்டி மொத்தமும் உக்காந்திருக்கு.

தம்பி: கேக்கட்டுமே. ஒரு காட்டுக்குத்தான் காவல் போடுவாங்களாம். உன் மலையா, என் ஆத்தங்கரையா... இதுல என்ன மெதுவா?

அக்கா: என் மலைதான். குரங்கு குட்டியை நெஞ்சோட அணைச்சிருக்கிற படம் ஒண்ணு போதும்.

தம்பி: இது என்ன அழகிப் போட்டியா?

அக்கா: உன் பாட்டுக்குருவியை எவன் பாத்திருக்கான்? காஞ்ச இலை நிறம், கைக்குள்ள அடங்கும்...

தம்பி: பாக்க வேண்டாம், கேட்டாப் போதும்.

அக்கா: குரங்கு ஒரு குட்டி போட்டா அடுத்ததுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். உன்னுது வருஷா வருஷம் முட்டை போடுது...

தம்பி: போட்டு? பாம்பு தின்னது போக மிஞ்சின குஞ்சுக்குப் பாட்டு சொல்லிக்குடுக்கப் பெரிய ஆண் இல்ல. பாட்டு வராத ஆணைப் பொட்டை திரும்பிக்கூடப் பாக்காது.

அக்கா: உன்னை மாதிரின்னு சொல்லு.

தம்பி: அக்கா!

அக்கா: சரி, சரி... என் குரங்கு மட்டும் என்ன வாழுது? நடுவுல ரோடு போட்டதுல கிளைக்குக் கிளை தாவ வழியில்ல. தரைக்கு இறங்குது, வண்டியில அடிபடுது. விட்டுக்குடுக்க மாட்டேன்டா. தம்பின்னும் பாக்க மாட்டேன்.

தம்பி: நானும்தான். அக்காவாவது, கொக்காவாவது!

அக்கா: அப்போ ரெக்கார்டரை எடுத்து வை. முதல்ல இந்த வருஷப் பாட்டைத்தான் கேப்பாங்க.

தம்பி: ரெக்கார்டர் பையிலயே இருக்கட்டும்க்கா.

அக்கா: என்னடா?

தம்பி: போன வருஷத்துது இருக்கு.

அக்கா: இந்த வருஷத்துது?

தம்பி: தினமும் விடியறதுக்கு முன்னாடி போய் உக்காந்தேன்க்கா. மழையிலயும் போனேன். தவளை கத்துது, தண்ணி ஓடுது... குருவிக் குரல் மட்டும் இல்ல.

அக்கா: யார்கிட்டயாவது சொன்னியா?

தம்பி: சொன்னா நிஜமாயிடும்ல... பரவால்ல. உள்ள போய் உள்ளதைச் சொல்லிடறேன். பழைய பாட்டைப் போட்டு ஏமாத்த மாட்டேன். நீ ஜெயிச்சுட்டே.

அக்கா: கண்ணைத் தொடை, எந்திரி. கூப்பிடறாங்க.

தம்பி: நீ போ. குரங்கைப் பத்தி நல்லாப் பேசு.

அக்கா: தனியாப் போக மாட்டேன். உன் குருவி என் மலைக்கு வந்துடுச்சுடா. போன மாசமே கேட்டேன், ரெண்டு குரல், என் போன்ல இருக்கு. வெளிய சொன்னா உன் ஆத்தங்கரையை அன்னிக்கே கைகழுவிடுவாங்கன்னுதான் வாயே திறக்கல... வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே காட்டுக்குச் சண்டை போடலாம்.