‘ஏழு பாகம்’ ஏன் விற்கவில்லை

விம்கோ நகரிலிருந்து வந்து இந்தத் தலைமை நாற்காலிக்குப் பெருமை சேர்த்திருக்கும் தொழிற்சங்கத் தலைவி தோழர் செங்கொடி அவர்களே. முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, முதுபெரும் உழைப்பாளிகளே. விடியலில் மீன் விற்று, வெயிலில் வீடு திரும்பி, உலையை இறக்கிய கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே. இடம் கிடைக்காமல் மதில்மேல் குந்தியிருக்கும் தம்பிகளே. பாராட்டு விழா தங்களுக்குத்தான் என்று தெரிந்தும் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொண்டிருக்கும் அனிஷா, அமான் என்னும் இளம் கலைஞர்களே. உங்கள் அனைவரையும் ராயபுரம் கடலோர இளைஞர் மன்றத்தின் சார்பில், காசிமேட்டு ஏலக்காரன் சவரிநாதன் கரம் குவித்து வணங்குகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பைப் பார்த்தீர்கள். ‘ஏழு பாகம் ஏன் விற்கவில்லை.’ பாராட்டு விழாவில் யாராவது இப்படி ஒரு தலைப்பைக் கொடுப்பார்களா? கொடுத்தவர் யார் தெரியுமா? அந்த விளையாட்டைச் செய்த அனிஷாவேதான். “அண்ணா, உண்மையச் சொல்லுங்க. விக்கலைன்னு சொல்லிட்டு அப்புறம் மத்ததைச் சொல்லுங்க” என்றார். சொல்கிறேன். விற்பது என் தொழில். எது விலைபோகும், எது விலைபோகாது என்று சொல்ல இந்த ஊரில் என்னைவிட உரிமை உள்ளவன் யார்?

வெளியூர் விருந்தினர்களுக்காக ஒரு சொல். பாகம் என்பது கடலின் ஆழத்தை அளக்க எங்கள் மீனவர்கள் சொல்லும் கணக்கு. ‘ஏழு பாகம்’ என்பது தண்டையார்பேட்டை தேவப்பிரியம் மளிகை மொத்தக் கடைக்காரரின் மகள் அனிஷாவும், ராயபுரத்தில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அமானும் சேர்ந்து செய்த கேம். நடுக்கடலிலிருந்து ஒரு லாஞ்சை ஓட்டிக்கொண்டு, மழையிலும் மூட்டத்திலும் வழி தேடி, காசிமேட்டு ஏலத்துக்கு வந்து சேர வேண்டும். பிறகு மீனை ஏற்றிக்கொண்டு நம் தெருக்களில் வண்டி ஓட்ட வேண்டும். கல்மண்டபம் உண்டு, கோயில் உண்டு, தேவாலயம் உண்டு, அமானின் கடையும் உண்டு, அந்த நீல ஷட்டரோடு.

வழி காட்ட ஒரு குரல் வேண்டும் அல்லவா? அதற்காக அனிஷா என்னிடம் வந்தார். அமான் கடையின் மாடியில், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, என் முன்னால் மைக்கை வைத்தார்கள். மைக்கைக் கண்டால் நான் சும்மா இருப்பேனா? “மாலுமியே, இடப்புறம் திரும்புக. இன்னல் சூழ்ந்த இருளை எதிர்கொள்க” என்று முழங்கினேன். சிரிக்காதீர்கள். அனிஷாவும் அப்படித்தான் சிரித்தார்.

“அண்ணா, மேடையில பேசுறது வேணாம். ஏலத்துல பேசுறது வேணும்.”

“அது கலீஜா இருக்குமேம்மா.”

“அதுதான் வேணும்.”

பேசினேன். “ஓரமா வா நைனா. அந்தாண்ட பாறை கீது. பாத்து வா மாமு, பாத்து வா.” பதினேழு நாட்கள் பேசினேன். வேர்வையில் நனைந்துபோய்ப் பேசினேன்.

விளையாட்டு வெளிவந்தது. விற்கவில்லை.

ஏன்? நல்ல மீன் விலைபோகாமல் கிடப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். வஞ்சிரம் வஞ்சிரம்தான். ஆனால் அதை வாங்க ஆள் நிற்காத துறையில் இறக்கினால் அது யாருக்கு? இவர்கள் இறக்கிய துறை ஒரு பழைய கையடக்கக் கேம் பெட்டி. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான். பத்து வருடத்துக்கு முன்னால் ஊரெல்லாம் வைத்திருந்தார்கள். செய்த கம்பெனியே இன்று அதைச் செய்வதில்லை. வைத்திருப்பவர்கள் வேண்டியதை எல்லாம் எப்போதோ வாங்கி முடித்துவிட்டார்கள். மீதிப் பேர் பாதி விலைக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கடையைத் திறந்தால் ஆயிரக்கணக்கான கேம்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. ‘ஏழு பாகம்’ அடியில் கிடந்தது. அடிக்கூடை மீனை யார் தூக்கிப் பார்ப்பார்கள்?

இன்னொன்று. ஒரு மெஷினுக்குச் செய்த கேமை வேறொரு மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அந்தத் தொழிலில் ‘போர்ட் பண்றது’ என்று பெயராம். துறைமுகத்தின் மடியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் அந்தத் துறையில் ஆழம் குறைவு. அந்தப் பழைய பெட்டியால் பாரம் தாங்க முடியவில்லை. லாஞ்சு திக்கித் திக்கி நகர்ந்தது. அமான் ஐந்து மாதம் உட்கார்ந்து பாரம் இறக்கினார். தண்ணீரில் விழுந்த வெளிச்சத்தை எடுத்தார். பறவைகளைப் பாதியாக்கினார். ஏலத்தில் நின்ற கூட்டத்தைக் குறைத்தார். “என் மூஞ்சியையே தூக்கிட்டாம்பா” என்று ஃப்ளோரா அக்கா இன்றைக்கும் அமானிடம் சண்டை. அக்கா, கை ஆட்டுங்கள். ஆமாம், அவர்தான், என் ஏலத்தில் முதல் கூடை எடுக்கிறவர்.

ஏன் போனில் விடவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விரலுக்கடியில் பொத்தான் அழுந்துகிற உணர்வு இல்லாமல் சுக்கான் பிடிக்க முடியாது என்றார் அனிஷா. எனக்கு அன்று புரியவில்லை.

அன்பார்ந்தவர்களே, இதுவரை சொன்ன காரணமெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அந்த நாட்களில் என் நெஞ்சில் இருந்த காரணம் வேறு. அதை இன்று இந்த மேடையில் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கேமைப் பற்றி ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். அமான் எனக்குத் தெரியாமல் மறைத்தார். நான் தேடிப் படித்துவிட்டேன். ‘படம் அழகு. ஆனால் அந்தக் குரல் என்ன தமிழ்? ரவுடி பாஷை. காது கூசுகிறது.’ அவ்வளவுதான் எழுதியிருந்தார். நாற்பது வருடம் ஏலம் விட்ட தொண்டை அது. மறுநாள் காலையில் என்னால் குரல் எழுப்ப முடியவில்லை. சொல்லுக்குச் சொல் யோசித்துப் பேசினேன். ஃப்ளோரா அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: “இன்னா சவரி, தொண்டை கட்டிக்கினுகீதா?” ஆமாம் என்று பொய் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி எழுதியது. கேமை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், போனில் விடுகிறோம், ஊர் ஊராக விளம்பரம் செய்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் குரலை எடுத்துவிட்டு, நடிகர் ஒருவரை வைத்து நல்ல தமிழில் பேச வைக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அனிஷா அதை என்னிடம் சொல்லத் தயங்கினார். நானே போய்ச் சொன்னேன்: “என் வாயாலதாம்மா விக்கல. தூக்கிடு. எனக்கு வருத்தமில்ல.”

“நிஜமா வருத்தமில்லையாண்ணா?”

“இல்ல.”

வருத்தம் இருந்தது. நாக்கை அறுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது. அனிஷா தலையை மட்டும் அசைத்தார்.

அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை, சூரியன் இரண்டு முழம் ஏறியிருந்தது. கூட்டம் முட்டி மோதுகிறது. சங்கரா மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு நான் குரல் கொடுக்கிறேன். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டுக்காரர் நிற்கிறார். கப்பல் கம்பெனிச் சட்டை, கழுத்தில் துறைமுக பாஸ். என்னையே பார்க்கிறார். படம் எடுக்க வந்தவர் என்று நினைத்தேன். நான் நிறுத்தி மூச்சு வாங்கிய நேரம், அவர் கையை உயர்த்தி, வாயைத் திறந்து சொன்னார்:

“ஓரமா வா நைனா. அந்தாண்ட பாறை கீது.”

என் குரலின் ஏற்ற இறக்கம். என் இழுவை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஃப்ளோரா அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “யார்யா இவரு, உன் பங்காளியா?”

அவர் பெயர் ரோமெல். பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கப்பல் முந்தின நாள்தான் நம் துறைமுகத்தில் கட்டியிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சொற்களைத் தவிர ஒன்றும் தெரியாது. எனக்கு அவர் ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. வாங்க என்று கையைக் காட்டினேன். அமானிடம் அழைத்துப் போகலாம் என்று நான் நடந்தால், எனக்கு முன்னால் அவர் நடக்கிறார். இடப்பக்கம் திரும்புகிறார், சந்துக்குள் நுழைகிறார், தேவாலயத்தைப் பார்த்துத் தலை குனிகிறார், நேராகப் போய் நீல ஷட்டர் முன்னால் நிற்கிறார். யாரிடமும் வழி கேட்கவில்லை. ராயபுரத்தில் கால் வைப்பது அவருக்கு அதுதான் முதல் முறை. கேட்கிறீர்களா? அனிஷா வரைந்த தெருவைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் கடல் கடந்து வந்து கதவைத் தட்டுகிறார்.

அனிஷாவை வரச் சொன்னோம். ரோமெல் தன் பையிலிருந்து பெட்டியை எடுத்தார். அதே பழைய பெட்டி. பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. பொத்தானில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அவர் பேசப் பேச அமான் எனக்குத் தமிழில் சொன்னார்.

நடுக்கடலில் நாள்கணக்கில் நெட் கிடைக்காது. எஞ்சின் கிரீஸ் பட்ட விரலுக்குப் போன் கண்ணாடி பேசாது. இந்தப் பொத்தான் பேசும். கப்பலில் கேம் பெட்டி ஒன்றுதான். அதில் எல்லாரும் முறைவைத்து ஆடுகிறார்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் யார் எப்போது என்று பட்டியல் ஒட்டியிருக்கிறது.

ஆடுகிறவர் தன் லாஞ்சுக்குத் தானே பெயர் வைக்கலாம். அனிஷா அந்தப் பெட்டியில் பெயர்களைப் பார்த்தார். பத்தொன்பது லாஞ்சுகள். மனைவி பெயர், மகள் பெயர், அம்மா பெயர், சொந்தத் தீவின் பெயர். ஒருவர் தன் நாயின் பெயரை வைத்திருந்தார். நம் கணக்கில் அந்தக் கப்பலில் விற்றது எத்தனை? ஒன்று. ஆடியது எத்தனை? பத்தொன்பது. அனிஷா பெயர் பெயராகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

நான் மெல்ல அமானிடம் சொன்னேன்: “அந்தக் குரல் புரியாம கஷ்டமா இருந்துச்சான்னு கேளு.”

அமான் கேட்டார். ரோமெல் என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை அமான் நிதானமாகத் தமிழாக்கினார்: “கீழ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுறதைப் படிச்சோம். ரெண்டு வாரத்துல அது தேவைப்படல. இப்ப எங்க கப்பல்ல யாராவது வாட்ச் டியூட்டிக்கு எஞ்சின் ரூம்ல இறங்கினா, மேல நிக்கிறவன் சொல்லி அனுப்புவான். பாத்து வா மாமு. கேப்டன்கூடச் சொல்லுவாரு. அர்த்தம் முழுசாத் தெரியாது. ஆனா சொல்லாம யாரையும் கீழ அனுப்புறதில்ல.”

பெருமக்களே, எது கலீஜ்? எது பேஜார்? எது காதைக் கூச வைக்கும் பாஷை? பெருங்கடலின் நடுவே, பல மொழி பேசும் பத்தொன்பது பேர், ஒருவர் உயிரை ஒருவர் காக்கும் நேரத்தில், உலகத்து மொழிகளை எல்லாம் விட்டுவிட்டு நம் காசிமேட்டுச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்களே, அது இழிந்த சொல்லா? நாம் ஒருவரை ஒருவர் அப்படித்தானே வேலைக்கு அனுப்புகிறோம்? கடலுக்கு அனுப்பும்போது, கிரேனில் ஏற்றும்போது, கொதிகலன் பக்கம் போகச் சொல்லும்போது? அன்பு இருக்கிற வாயிலிருந்து அழுக்கு எப்படி வரும்?

அன்று மாலையே அனிஷா பெங்களூருக்குப் பதில் எழுதினார். எனக்கும் வாசித்துக் காட்டினார். ‘குரலை மாற்ற மாட்டோம். நன்றி.’ கம்பெனி விலகிப் போனது. போகட்டும். அனிஷாவும் அமானும் தாங்களே எட்டு மாதம் உழைத்து, கேமைப் போனுக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், பொத்தான் அழுத்தினால் கைக்கு அதிர்வு தெரிகிறபடி. ஃப்ளோரா அக்காவின் முகத்தையும் திரும்ப வைத்துவிட்டார்கள். இன்று பாரிமுனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். முன்சீட்டில் ஒருவர், பின்சீட்டில் ஒருவர், என் சத்தம் கேட்கும். கண்டக்டர் ஒருவர் என்னிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டு, நான் ஊர் சொன்ன குரலை அடையாளம் கண்டு விழித்தார்.

பழைய பெட்டியில் இப்போதாவது விற்கிறதா என்று மதில்மேல் இருக்கும் தம்பி கேட்கிறார். சொல்கிறேன் தம்பி. போன மாதம் நாலு விற்றது. கைதட்டுங்கள். தயங்காமல் தட்டுங்கள். அந்த நாலும் எந்தெந்தக் கப்பலில் எந்தெந்தக் கடலில் மிதக்கிறதோ, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களோ, எந்தக் கம்பெனியின் கணக்கும் அதைச் சொல்லாது.

ரோமெல் வந்துபோன மறுவாரமே நான் ஏலத்தில் பழையபடி தொண்டை திறந்து கத்தினேன். சத்தம் துறைமுகத்தின் அந்தக் கோடிவரை போனதாகச் சொன்னார்கள்.

தாய்மார்களே, முடிக்கும் முன் உங்களிடம் ஒரு விண்ணப்பம். அனிஷா அடுத்த கேமைத் தொடங்கிவிட்டார். எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் பெண்கள், திருவொற்றியூர் ஆலைகளில் ஷிப்டுக்குப் போகும் பெண்கள், இவர்கள்தான் அதில் நாயகிகள். அதற்கு முப்பது பெண் குரல்கள் வேண்டும். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் மன்றத்து மாடியில் பதிவு. வாருங்கள். தலை சீவிக்கொண்டு வாருங்கள், பவுடர் பூசிக்கொண்டு வாருங்கள், அது உங்கள் இஷ்டம். பேச்சை மட்டும் சீவிக்கொண்டு வராதீர்கள். மாமியாரைத் திட்டுகிற வாயோடு, மகனைக் கொஞ்சுகிற வாயோடு, தராசுக்காரனை மடக்குகிற அதே வாயோடு வாருங்கள். உலகம் கேட்கக் காத்திருக்கிறது.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், என்னைப் பேசவிட்ட தலைவி செங்கொடிக்கும், மூன்று முறை மைக் கரகரத்தும் முகம் சுளிக்காத ஒலிபெருக்கித் தம்பிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றியைக் காணிக்கையாக்குகிறேன். அனிஷா, அமான், இனி ஒளிந்தது போதும். எழுந்து முன்னால் வாருங்கள். உங்கள் ஊர் உங்களைப் பார்க்கட்டும். வணக்கம்.