மேலேயா, கீழேயா

ஏசி இல்லாத அறையாகப் பார்த்து உட்கார வைத்ததற்கு நன்றி, ஐயா. ஏசி ஓடினால் என் கவனம் அதிலேயே போய்விடும், எதிரில் இருப்பவர் பேசுவது பாதிதான் காதில் ஏறும். மேலே ஓடுகிற ஃபேனில் ஒரு இறக்கை லேசாகத் தட்டுகிறது. பரவாயில்லை, ஓடட்டும்.

நான் காது பரிசோதனை செய்கிற மருத்துவமனையில் வேலை பார்த்தவள். சத்தம் புகாத சின்ன அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் பட்டனை அழுத்த வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு நான் வெளியிலிருந்து உள்ளே போய்விட்டேன், அவ்வளவுதான்.

என் கணவருக்குக் கார்தான் உயிர். கம்பெனியிலிருந்து வந்த காரில் அவர் கைவைக்காமல் விட்டது கதவையும் கண்ணாடியையும்தான். இன்ஜினின் சக்தியைக் கூட்டினார். தரையை உரசுகிற அளவுக்கு ஸ்பிரிங்கைத் தாழ்த்தினார். முன்பக்கத்தில் ரப்பர் இருந்த இடத்திலெல்லாம் இரும்பைப் போட்டார். ரப்பர் இருந்தால் கார் சொன்ன பேச்சைக் கேட்காதாம். ஆனால் ரப்பரை எடுத்தால் சத்தம் வரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கடகடக்கும். சத்தம் அவருக்கும் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. சைலன்சர் இரைச்சலில் அவருடைய வலது காது மந்தமாகியிருந்தது. ஒரு காது மந்தமானால் ஒலியின் திசை பிடிபடாது. அதைப் பரிசோதித்துச் சொன்னவளே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து நான் அவருடைய காது. சாயங்காலம் மருத்துவமனை வாசலில் காரோடு நிற்பார். ஏறியதும் ஏசி, ரேடியோ, என் போன் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிடுவார். செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் பதிக்க வேண்டும், ஏனென்றால் சில சத்தங்கள் காதுக்கு முன்னால் பாதத்துக்குத் தெரியும். பிறகு வேகத்தடை உள்ள தெருவாகப் பார்த்து, மெதுவாக, மறுபடி மறுபடி ஏறி இறங்குவார். நான் இடதா வலதா, மேலேயா கீழேயா என்று சொல்ல வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது.

ஒருநாள் என்னைப் பிரிவுத் தலைவியாகப் போடப்போகிறார்கள் என்று ஆரம்பித்தேன்.

"உஷ்" என்றார். "அந்தப் பள்ளம் வரட்டும்."

பள்ளம் வந்தது, போனது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பகலிலும் ஓட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார், கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. என் அம்மாவிடம் போய் அழுதபோது, "பொண்டாட்டிய கார்ல வச்சு தினமும் ஊர் சுத்திக் காட்றாரு. இதுக்குமாடி மூக்கால அழுவுற?" என்றாள். மாமியாருக்கோ பெருமை பிடிபடவில்லை. "எம்புள்ள உன்ன விட்டு ஒரு நாள் இருக்க மாட்டேங்கிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இதற்குப் பிறகு யாரிடம் போய் என்ன சொல்ல?

ஒருமுறை எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். மறுநாளே நான் வேலை பார்த்த இடத்துக்கே கூட்டிப்போனார். என்னோடு வேலை பார்த்தவளே என்னை அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி கேட்டால் விரல் தானாக அழுத்திவிடுகிறது, ஐயா. பழக்கம். வெளியே வந்ததும், "காது பிரமாதமா இருக்கு. மனசுதான் இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

முன்பக்கத்தில் வருகிற சத்தங்களில் இரண்டை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஸ்பிரிங்கின் தலை பொருந்துகிற மேல் பேரிங் ஒன்று. இரும்பு பேரிங் போட்ட கார்களில் அது தட்டத்தான் செய்யும். அதைக் காருக்கு வந்த ஜலதோஷம் என்று என் கணவரின் நண்பர்கள் கேலி பேசுவார்கள். இன்னொன்று, கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கிற உருண்டை மூட்டு, பால் ஜாயிண்ட் என்பார்கள். அது கனமாக, அமுங்கின குரலில் வரும். அவர் வழக்கமாகப் போகிற மெக்கானிக் ஒருமுறை என்னிடம், "மேல சத்தம் வந்தா பயப்படாதீங்க மேடம். கீழ வந்தா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. அது கழண்டா சக்கரம் மடங்கிரும்" என்று சொல்லியிருந்தார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

அன்று வேகத்தடையில் இறங்கும்போது என் இடது பாதத்துக்குக் கீழே ஒரு முட்டு முட்டியது. அடுத்த தடையில் மறுபடியும். சந்தேகமே இல்லை, இடது பால் ஜாயிண்ட். அவர் காரை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க?"

"இடது பக்கம்."

"மேலயா, கீழயா?"

"மேல."

அந்த ஒரு சொல்தான், ஐயா. நான் எதையும் கழற்றவில்லை, எதையும் தளர்த்தவில்லை. ஸ்பேனரைக் கையால் தொட்டதுகூட இல்லை.

அவர் மேல் பேரிங்கை மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. நட்டு சரியாக உட்காரவில்லை என்று சொன்னேன், மறுபடி இறுக்கினார். அப்புறம் கொஞ்சம் சந்தேகம் வந்து, கீழேயும் பார்த்துவிடலாம் என்று ஜாக்கி கொடுத்தார். இங்கேதான் அவர் தவறு செய்தார். தாழ்த்திய கார் என்பதால் அதன் உடம்புக்கு அடியில் ஜாக்கி சுலபமாக நுழையாது. முதலில் பலகை போட்டு அதன் மேல் சக்கரத்தை ஏற்ற வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையின் அடியிலேயே கொடுத்துத் தூக்கினார். அப்படித் தூக்கினால் தேய்ந்த ஜாயிண்ட் அழுந்தி இறுகிக்கொள்ளும். சக்கரம் தொங்கினால்தான் ஆட்டம் தெரியும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

அவர் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். "அசையவே இல்ல. நீ சொன்னதுதான் சரி" என்றார்.

அதற்குப் பிறகும் தினமும் அதே சீட்டில் அவரோடு போனேன். அது என் காலுக்கு அடியில்தான் இருந்தது. நாளுக்கு நாள் முட்டு வலுத்தது. தேய்மானம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது, அவரால் முடியவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். ஆபத்து இருவருக்கும் சமம். இதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில்தான் அந்தக் காருக்குள் எனக்கு மூச்சு விட முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். என் கணவரின் தங்கை. அந்த வீட்டில் என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஒரே ஆள். அண்ணனிடம், "அண்ணி என்ன உன் வண்டியோட ஸ்பேர் பார்ட்டா?" என்று சண்டைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை காலை வளைவுகள் நிறைந்த மேட்டுச் சாலையில் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் கிளம்பினார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, மூஞ்சியக் கண்ணாடில பாத்தீங்களா? போய்ப் படுங்க. இன்னைக்கு நான் போறேன். எனக்கும் ரெண்டு காது இருக்குல்ல?"

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர்.

"தெரியலன்னா கத்துக்கிறேன். நீ வண்டிய எடு."

நான் உள்ளே போய்ப் படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது. மாமியார் அலறியபோதுதான் விழித்தேன்.

வளைவில் இடது சக்கரம் மடங்கி, கார் இடது பக்கமாகவே சுவரில் மோதியிருக்கிறது. அவருக்கு இரண்டு காலும் நொறுங்கிவிட்டது. அவள் அங்கேயே போய்விட்டாள். மோதியதில் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டது என்று காரைச் சோதித்த உங்கள் ஆள் எழுதியிருக்கிறாராம். இல்லை, ஐயா. அது கழன்றதால்தான் மோதியது.

என் கணவர் உங்களிடம் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருப்பார். மேல் நட்டைத் தான் ஒழுங்காக இறுக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறார். "நீ சரியாத்தான் சொன்ன, நான்தான் கோட்ட விட்டேன். என் தங்கச்சிய நானே கொன்னுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். இனி அவரால் எழுந்து நடக்க முடியாதாம். நான் எங்கேயும் போய்விடக் கூடாது என்கிறார். மாமியாரும் அதையேதான் சொல்கிறார், என் அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். இன்று காலை சக்கர நாற்காலி வந்தது. அவரை உட்காரவைத்து வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம் போனதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"முன்னாடி ஏதோ சத்தம் வருது. குனிஞ்சு கேளு. இடதா, வலதா?"

கேட்டுச் சொன்னேன். அப்புறம் அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு நேராக இங்கே வந்தேன். இங்கே கம்பிக்குப் பின்னால் என்னை வைத்தால் அவர் குரல் எட்டாது. எனக்கு அது போதும்.

அவளை ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தடுத்தால் அவர் ஏன் என்று கேட்டிருப்பார். காரைத் திரும்ப உள்ளே விட்டுப் பலகை போட்டு ஏற்றியிருப்பார். நான் பொய் சொன்னது தெரிந்திருக்கும், ஜாயிண்ட் புதிதாகியிருக்கும், மறுநாள் சாயங்காலம் நான் அதே சீட்டில் இருந்திருப்பேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவர் கேட்டைத் திறக்கப் போயிருந்தார்.

அவள் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் ஏறி உட்கார்ந்ததும் நான்தான் குனிந்து சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன், அவள் துப்பட்டா கதவில் சிக்காமல் மடியில் எடுத்துவைத்தேன். சொந்த அண்ணன்கூட அவளை அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.