கவிழ்த்து வைத்த குடுவை

– உருண்டைக் குடுவையா? கழுவிக் கவிழ்த்து வெச்சிருக்கேனே கண்ணு. அந்த வரிசையில மூணாவது பாரு, பளபளன்னு இருக்கு.

– கழுவிட்டீங்களாக்கா?

– பின்னே? இந்த லேப்ல பதினெட்டு வருஷமா அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன். அது கிடக்கட்டும், அம்மா போய்ப் பன்னெண்டு நாள்கூட ஆகலை, அதுக்குள்ள ஏன் வந்தே? அப்பா தனியா இருப்பாரே.

– அப்பாதான் போகச் சொன்னாரு. அக்கா, அதுக்குள்ள அடியில வெள்ளையா கொஞ்சம் இருந்திருக்குமே?

– இருந்துச்சு, உப்புப் படிஞ்ச மாதிரி. வெந்நீர் ஊத்தி பிரஷ் விட்டேன், போயிடுச்சு. ஏன் கண்ணு, முகம் இப்படிச் செத்துப்போச்சு?

– என் புராஜெக்டே அதுதான்க்கா. அஞ்சு மாசம். நாலு தடவை கெட்டுப்போய் அஞ்சாவது தடவைதான் கிரிஸ்டல் வந்துச்சு. மாசக் கடைசிக்குள்ள குடுக்கலைன்னா இந்த வருஷம் எம்.எஸ்சி. முடியாது.

– ஐயோ, என் கையை உடைக்க! மேசை மேல இருந்தா தூசி படிஞ்சாலும் நான் தொட மாட்டேன், உனக்கே தெரியும். இது கழுவுற தொட்டியில கிடந்துச்சு கண்ணு. தொட்டியில கிடந்தா உங்க சார் மூக்குக்கண்ணாடியையே கழுவிக் கவிழ்த்து வெச்சவ நான்.

– உங்க மேல தப்பு இல்லக்கா.

– மேலே ஒண்ணும் எழுதியும் இல்லையே. நீ தேதி முதக்கொண்டு எழுதறவளாச்சே! இதை இப்படியே விடக்கூடாது, வா, சார்கிட்ட போவோம். நான்தான் கழுவினேன்னு சொல்லிடறேன். என்னைத் திட்டட்டும், உனக்கு ரெண்டு மாசம் தள்ளிக் குடுக்கட்டும்.

– வேண்டாம்க்கா. அம்மா மூணு தடவை போன் பண்ணினாங்க. கடைசித் தடவை மூச்சு வாங்கிட்டே, 'ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்'னாங்க.

– நீ என்ன சொன்னே?

– 'கிரிஸ்டல் வர்ற நேரம்மா, பக்கத்துலயே இருக்கணும், ரெண்டே நாள்'னேன். 'சரி, உன் வேலையைப் பாரு'ன்னு அவங்களே வெச்சுட்டாங்க.

– நீ என்ன கனவா கண்டே?

– ரெண்டாம் நாள் காலையில வந்து பாக்கறேன், அடியெல்லாம் வெள்ளையா மின்னுது. முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்னு போனை எடுத்தேன். அதுக்குள்ள அப்பா கூப்பிட்டுட்டாரு.

– அழாதே கண்ணு. அழாதேம்மா.

– பஸ்ல வர்றப்போ பூரா ஒரே நெனப்புக்கா. எப்படியும் நீங்க பாத்து, இது அவளோடதாச்சேன்னு எடுத்து வெச்சிருப்பீங்கன்னு.

– வெச்சிருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சே! இரு, பக்கத்து மேசைத் தடியனாத்தான் இருக்கும். அஞ்சு மாச உழைப்பை எந்தப் பாவி தூக்கித் தொட்டியில போட்டான்னு நானே கேக்கறேன்.

– கேக்க வேண்டாம்க்கா. எழுதினதை அழிச்சுட்டுத் தொட்டியில போட்டது நான்தான்.