பாவின் மேல் ஏறிய வேன்

யார் நம்புவார்கள் என்று சில வருடங்களாகவே இதை எழுதத் தயங்கினேன். ஆரணியிலிருந்து போளூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டு நெசவாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நஷ்டஈடு கேட்டேங்க. பொண்டாட்டிய இட்டுகினு வந்தான்."

"யாரு?"

"பார்சல் வேன் டிரைவர். தெருவுல நீட்டிக் கட்டியிருந்த பட்டுப் பாவு நூலு மேல ஏத்திட்டான். கல்யாணப் புடவைக்குப் போட்டது. நூறு இழைக்கு மேல அறுந்துபோச்சு. அடுத்த மாசம் கல்யாணம், வேற பாவுக்கு எங்க போவேன்?"

"அதுக்குப் பொண்டாட்டி எதுக்கு?"

"அது முள்ளிப்பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பொண்ணு. ஒக்காந்து, சாயங்காலத்துக்குள்ள அத்தனை இழையும் முடிபோட்டுச் சேத்துடுச்சு."

"அவன்?"

"தெருமுனையில வேனக் குறுக்க நிறுத்திகினு, ஒரு சைக்கிளக்கூட உள்ள விடல. இதுக்கு மேல என்னத்தக் கேக்கறது?"

கேட்ட எனக்கே நெஞ்சு லேசானது. எல்லாம் முருகன் அருள். நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.