கிட்னிக்குத் தகடு இல்லை

— அப்புறம்? ரத்தம் முடிஞ்சுது, மூச்சு முடிஞ்சுது. அடுத்தது சொல்லு கலை.

— கழிவு நீக்க மண்டலம், அத்தை.

— அதச் சொல்லு. பஸ்ஸு செஞ்சி ஊரத் தாண்டறதுக்குள்ள முடிச்சிடணும். திங்கக்கிழமை பரீட்சைய வச்சிக்கினு ஜன்னல்ல வேடிக்கை பாத்துக்கினு வர்ற.

— 'கழிவு நீக்க மண்டலத்தின் முதன்மை உறுப்பு சிறுநீரகம். அவரை விதை போன்ற வடிவம் உடையது. எண்ணிக்கை இரண்டு. முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் அடியில் அமைந்துள்ளது.'

— இன்னா வேலை பண்ணுது?

— 'இரத்தத்தை வடிகட்டி, மிகுதியான நீரையும் உப்பையும் கழிவையும் சிறுநீராக வெளியேற்றுகிறது.'

— வடிகட்டலன்னா?

— எல்லாம் உடம்புலயே தங்கிடும். கால் வீங்கும், முகம் வீங்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். அதுக்குப் பேரு ரீனல் ஃபெயிலியர்.

— காலு வீங்கும். தோ பாரு, அங்கதான் நான் ஏமாந்துட்டேன். எம்புள்ள வேங்கடேசனுக்கு காலு வீங்குதேன்னு ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் ஆத்தாளுக்குக் காலு வாங்கிப் போட்டேன். அடுத்த அமாவாசைக்கு மூஞ்சி வீங்கிச்சி, மொகம் வாங்கிப் போட்டேன். வாந்தி எடுத்தான், வயிறு வாங்கிப் போட்டேன். எல்லாம் வெள்ளித் தகடு. ஆத்தாளும் இன்னாடி பண்ணுவா? இவ இன்னாடா அமாவாசைக்கு ஒரு உறுப்பக் கொண்ணாந்து போடறாளேன்னு கொழம்பிப் போயிருப்பா.

— அதெல்லாம் அறிகுறிங்க அத்தை. நோய் கிட்னியில.

— அப்ப எனக்குச் சொல்ல ஆளு இல்ல. அவன் ஒடம்பு முடியாம ஓட்டற வண்டிய வித்தப்புறம் நீ இந்தப் படிப்புல சேந்தது நல்லதாப் போச்சு. இந்த வாட்டி மேல்மலையனூர்ல எறங்கினதும் சரியான உறுப்பக் காட்டு. அதுக்குதான் உன்னையும் கூட்டிக்கினு வர்றேன்.

— அதுக்கு மட்டும்தானா?

— வேற எதுக்கு?

— நேத்து நீங்க அவருகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. 'அழாதடா, ஆத்தா முன்னாடி சூடம் அணைச்சி கலைகிட்ட சத்தியம் வாங்கிக்கினு வர்றேன்'னு சொன்னீங்க.

— விழுந்துச்சா? நல்லது. மறுபடியும் சொல்ற வேலை மிச்சம்.

— என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— கேட்டா இன்னா சொல்லியிருப்ப?

— தெரியலைங்க.

— உன் கிட்னி அவனுக்குப் பொருந்துதுன்னு ரிசல்ட்டு எப்பவோ வந்துடுச்சி. இன்னும் நீ கையெழுத்துப் போடல. குடுக்கறேன்னும் சொல்லல, குடுக்கமாட்டேன்னும் சொல்லல. அவன் உன் மூஞ்சியவே பாத்துக்கினு படுத்துக் கெடக்கறான். பேஜாராப் போச்சு எனக்கு.

— கையெழுத்துப் போட்டா பத்தாதுங்க. ஆஸ்பத்திரி கமிட்டி முன்னாடி ஒக்காரவச்சிக் கேப்பாங்களாம். 'உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தான் கொடுக்கிறீர்களா'ன்னு. நான் விருப்பம்னா என்னன்னு யோசிச்சிக்கினே இருக்கேன் அத்தை. அதுக்குள்ள ஊரு கேக்குது. பால் வாங்கப் போனா கேக்குது. கடலை மில்லுக்கு மல்லாட்டை ஒடைக்கப் போனா கேக்குது. உங்க தங்கச்சி போன்ல 'தாலி நெலைக்கணும்னு உனக்கு நெனப்பு இருக்கா இல்லையா'ன்னாங்க.

— அவளுக்கு வாயி அதிகம். நான் குடுக்கறேன்னுதான் மொதல்ல போயி நின்னேன். சக்கரை இருக்கு, செல்லாதுன்னு தொரத்திட்டாங்க. பெரியவன் ஆனந்தராஜு என் நம்பரப் பாத்தா போன எடுக்கறதே இல்ல. கூடப் பொறந்தவன்.

— தெரியும் அத்தை.

— எல்லாத்துக்கும் ஒரே கொரல்ல 'தெரியும் அத்தை.' உனக்கு அழுகையே வரலியாடி?

— வரலை. கோவமும் வரலை. பல்லு புடுங்க ஊசி போட்டா மரத்துப் போவுமே, அந்த மாதிரி. நாக்கால தொட்டா பல்லு இருக்குன்னு தெரியுது. என்னோடதுன்னு தெரியல.

— அதுக்கு உங்க படிப்புல இன்னா பேரு?

— அனஸ்தீசியா.

— பேரு நல்லாத்தான் இருக்கு. பொண்ணுக்கு வைக்கலாம் போல.

— என் பொண்ணு ரோஜாவுக்கு வச்சா ஸ்கூல்ல கூப்பிட முடியாதுங்க.

— பாத்தியா, சிரிப்பு மட்டும் வருது. சரி, கடைசி விலா எலும்புன்னியே, அது எங்க இருக்கு? கைய வச்சிக் காட்டு.

— இங்க, பின்னால. பதினொண்ணாவது, பன்னெண்டாவது. முன்னால எதோடயும் சேராது. மிதக்கும் விலா எலும்புன்னு பேரு. அதுக்கு அடியிலதான் கிட்னி.

— வேங்கடேசன் குடிச்சிட்டு வந்து உன்னை ஒதைச்சானே, அந்த எடமா?

— அதே எடம்தாங்க. டெஸ்ட்டுக்கு ஸ்கேன் எடுத்தப்ப தெரிஞ்சுது. 'பழைய முறிவு இருக்கே, எப்படிம்மா ஆச்சு'ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. படியில விழுந்துட்டேன்னு சொன்னேன்.

— நம்ம வூட்டுல ஏதுடி படி?

— அது அவங்களுக்குத் தெரியாதில்ல.

— ம். டிரைவரு வளத்தி ஊரையும் தாண்டிட்டான். முந்தானைய நல்லா சொருவிக்கோ, எறங்கற எடத்துல தள்ளுவானுங்க.

— கோயிலாண்ட பகல்லயே இவ்ளோ கூட்டமா அத்தை?

— அமாவாசைன்னா பின்ன? என் பின்னாலயே வா. தகடு விக்கிற பச்சைமுத்து கடை தோ, அந்தப் பந்தலாண்ட.

— வாங்கம்மா வாங்க! கண்ணு, கை, காலு, தொட்டிலு, வூடு, எல்லாம் இருக்கு. யாருக்கு இன்னா கோளாறு?

— பச்சைமுத்து, என்னைத் தெரியல?

— அட, அம்சாக்கா! உன்னைத் தெரியாமயா? ஒவ்வொரு உறுப்பா வாங்கிக்கினு போறியே, இன்னும் ரெண்டு அமாவாசை வந்தா முழு ஆளே சேந்துடுவான். இன்னிக்கி எது?

— கிட்னி.

— கிட்னியா? அது தகடுல வர்றதில்லக்கா. வயிறு எடுத்துக்க. உள்ள எல்லாம் அடக்கம்.

— வயிறு முன்பக்கங்க. கிட்னி பின்பக்கம், முதுகுல இருக்கு.

— அப்ப தகட்டத் திருப்பிப் போடும்மா, முதுகாயிடும். யாரு அக்கா இது, டாக்டரா?

— மருமவ, கலைப்பிரியா. திண்டிவனத்துல நர்ஸு வேலைக்கு ஒத்தாசை பண்ற படிப்பு படிக்கிறா. அவ சொன்னா சரியாதான் இருக்கும்.

— தப்பா எடுத்துக்காதம்மா, யாவாரத்துல சொல்றதுதான். கேக்கறேன்னு நெனைக்காதக்கா, உன் புள்ளைக்கு ஒண்ணு போச்சா, ரெண்டும் போச்சா?

— ரெண்டும். வாரத்துக்கு மூணு வாட்டி மிஷின்ல போட்டுதான் ரத்தம் சுத்தம் பண்றாங்க.

— இப்பல்லாம் வேற ஆளோடத எடுத்து வச்சிடறாங்களாமே. குடுக்க ஆளு இருக்கா?

— பொருந்தற ஆளு தோ நிக்கிறா.

— பொஞ்சாதியேவா! புண்ணியவதிம்மா நீ. உனக்குத் தகட்டுல பாதி வெல. எது வேணும் சொல்லு.

— எனக்கு எதுவும் வேணாங்க.

— முழு ஆம்பள உரு ஒண்ணு குடு பச்சைமுத்து. எந்த உறுப்புன்னு தேடறதெல்லாம் போதும். மொத்தமா ஆத்தாகிட்ட வுட்டுடறேன்.

— அதான் சரி. கையில வாங்கிக்கோக்கா. எல்லாம் நல்லபடியா ஆவும்.

— வா கலை. இந்த வரிசைதான்.

— அத்தை, கைய விடுங்க. நான் எங்கயும் ஓடிடமாட்டேன்.

— கூட்டத்துல புடிச்சிக்கினா தப்பா?

— ஒண்ணு கேக்கணும். இங்க சத்தியம் பண்ணிட்டா, அப்புறம் மாத்த முடியாதா?

— இந்த ஆத்தாகிட்ட சொன்னத நம்ம பக்கத்துல எவனும் மாத்தினதில்ல. மாத்துன்னு அடுத்தவங்களும் கேக்கமாட்டாங்க. கேட்டவன் வூட்டுக்கும் அது ஆவாது. என் தங்கச்சியே வாயத் தொறக்கமாட்டா. வேங்கடேசன் டாக்டருக்கு பயப்படமாட்டான், போலீஸுக்கு பயப்படமாட்டான், இவளுக்கு பயப்படுவான்.

— ஒரு கிட்னியோட ஆளு நல்லா இருக்கலாம்னு புத்தகத்துல போட்டிருக்கு. ஒண்ணே ரெண்டோட வேலையையும் பாத்துக்குமாம்.

— போட்டிருக்கட்டும்.

— மாத்தி வச்சா அவரு பொழைக்கறதுக்கு வழி இருக்கு. வைக்கலன்னா மிஷின்லயே ஓடற வரைக்கும் ஓடும். அதுவும் போட்டிருக்கு.

— டாக்டரு எனக்கும் சொன்னாரு. புரியாத மாதிரி கேட்டுக்கினு இருந்தேன். புரிஞ்சிதான் இருந்துச்சி.

— நீங்க அவரப் பெத்தவங்க. உங்ககிட்ட நான் என்ன சொல்றது?

— ஒண்ணும் சொல்லாத. பெத்தவங்கறதாலதான் இத நான் செய்யவேண்டி வந்துச்சி. உன் அம்மா வந்து செஞ்சா சண்டைன்னுவாங்க, நீயா செஞ்சா திமிருன்னுவாங்க. நான் செஞ்சா ஒருத்தரும் ஒண்ணும் பேச முடியாது.

— சரிங்க அத்தை. நீங்க சொல்லுங்க, நான் அப்படியே திருப்பிச் சொல்லிடறேன். பாடம் ஒப்பிக்கற மாதிரி.

— சூடத்த இந்தக் கல்லு மேல வை. பத்த வைக்கறேன். பயமா இருக்குதா?

— இல்லைங்க.

— எனக்கு இருக்குது. நீ சத்தமாச் சொல்லணும். தோ பின்னால நம்ம தெரு சவுரியம்மா மருமவனும் புகழேந்தியும் நிக்கறாங்க. அவங்க காதுல நல்லா விழணும், ஊருக்குப் போயிச் சொல்லணும்.

— சொல்லுங்க அத்தை.

— 'என் புருஷன் வேங்கடேசனுக்கு என் கிட்னிய குடுக்கமாட்டேன். இது எங்க மாமியாரு கேட்டு வாங்கின சத்தியம்.' சொல்லிட்டு சூடத்த அணைடி.