கழுவி மாட்டிய தட்டு

சுவரில் தட்டு மாட்டுவதில் ஒரே ஒரு சூட்சுமம்தான் ஐயா. முதலில் நடுத்தட்டை வைத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக உட்கார்ந்துகொள்ளும். இருபத்தெட்டு வருடமாக ஊரார் கல்யாணப் போட்டோக்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான். என் வீட்டில் மட்டும் காலண்டர்கூடக் கோணலாகத்தான் தொங்கும். அதனால், சுவரைப் பார்த்து உங்கள் ஏட்டு "நல்லா இருக்கே" என்றபோது, நேரம் காலம் தெரியாமல் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நடுத்தட்டு அண்ணனுடையது. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக் கோடு. அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். நூறு பேர் நெருக்கத்தில் டிக்கெட் வாங்காத ஒருவனைப் பார்வையிலேயே பிடித்துவிடுவார். போன வருடத்திலிருந்து அரை மணிக்கு முன் நடந்தது அவர் தலையில் நிற்பதில்லை. இரண்டு பேருமே கட்டைப் பிரம்மச்சாரிகள். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ஊட்டி முடித்து, வாய் துடைத்துவிட்டு அரை மணி ஆகாது.

"தம்பி, நான் சாப்பிட்டேனாடா?"

"ஆச்சுண்ணே."

"எப்ப? பொய் சொல்றே. பட்டினி போட்டே கொல்லப் பாக்குறே."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் ஜன்னல் வழியாகப் புகார் வேறு. செய்வதற்கு முன்பே பேர் வாங்கிவிட்ட ஆள் நான்.

அதற்காகத்தான் தட்டு. நல்ல எண்ணத்தில் செய்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாப்பிட்டதும் தட்டைக் கழுவி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கம்பிக் கொக்கியில் மாட்டுவேன். கேட்டால் விரலால் காட்டுவேன். "கழுவி மாட்டியாச்சு, பாருங்க." பார்ப்பார். "அட, ஆமா" என்று வயிற்றைத் தடவிக்கொள்வார். ஒற்றைத் தட்டு அநாதை மாதிரி தெரிந்ததால் இன்னும் பதினொன்று வாங்கினேன். காகிதத்தில் வட்டம் வெட்டி ஒட்டிப் பார்த்து, பென்சிலால் குறித்து, ரசமட்டம் வைத்து மாட்டினேன்.

ஒரு மதியம் கடையில் வேலை இழுத்துவிட்டது. நாலு மணிக்கு ஓடி வந்தேன். காலையில் மாட்டிய தட்டு அப்படியே இருந்தது.

"சாப்பிட்டேனாடா?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் விரல் சுவரைக் காட்டிவிட்டது.

"அட, ஆமா. நல்லா இருந்துச்சுடா."

என் சமையலை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. சமைக்காத வேளையில்தான் அது நடந்தது.

அப்புறம் யோசித்தேன். ஒருவேளைச் சோறு ஊட்ட ஒன்றரை மணி நேரம். பாதி அவர் சட்டையில், பாதி என் மேல். போட்டாலும் மறக்கிறார், போடாவிட்டாலும் மறக்கிறார். வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. முதலில் மதியத்தை விட்டேன். பிறகு இரவை. கடைசி இருபத்து மூன்று நாள் காலையில் ஒரு டீ மட்டும். தட்டை இனிக் கழற்றும் வேலை இல்லை என்பதால், கொக்கியை எடுத்துவிட்டுப் பசை போட்டுச் சுவரோடு ஒட்டிவிட்டேன். உங்கள் ஆட்கள் அதை எடுக்கச் சிரமப்பட்டது அதனால்தான்.

தையல்கார அக்கா ஒரு நாள் ஜன்னலில் நின்று கேட்டார்.

"என்னண்ணே, துரும்பா இளைச்சுட்டீங்க. சாப்பிடுறீங்களா இல்லையா?"

"இப்பத்தாம்மா ஆச்சு. தட்டைப் பாரு. தம்பி தங்கமா பாத்துக்குறான்."

சாப்பாடு போட்ட காலத்தில் ஊரெல்லாம் புகார் சொன்னவர், நிறுத்திய பிறகு ஒரு குறையும் சொல்லவில்லை.

கடைசி நாள் மதியம் குரல் உள்ளே போய்விட்டது. சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன் தட்டு எங்கடா?"

"சமையக்கட்டுல இருக்குண்ணே."

"அப்ப நீ இன்னும் சாப்பிடலை. மூஞ்சி வாடிக் கிடக்கு. போ, போய்ச் சாப்பிடு. எனக்குக் காவல் வேண்டாம்."

போனேன். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கைகழுவிவிட்டு வந்தபோது அவர் கண் சுவர்மேல் இருந்தது, மூச்சு இல்லை.

நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். பட்டினியால் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. அவர் வயிறு நிறைந்துதான் போனார். அவரையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.